மடைத்தூணில் ஏழு வெட்டு

அப்பாவைப் பெற்றவரை நாங்கள் அய்யா என்று கூப்பிடுவோம். அய்யாவுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஆனால் எங்கள் ஊர்க் கண்மாய்க்குக் கீழே கிடந்த 85 ஏக்கரில் எந்த வயலுக்கு, எந்த நாளில், எவ்வளவு நேரம் தண்ணீர் போக வேண்டும் என்பதை அவர்தான் சொல்வார். அவர் நீர்ப்பாய்ச்சி. செங்கல்பட்டுப் பக்கம் இதே வேலைக்காரரை நீர்க்கட்டி என்பார்கள். மதுரைப் பக்கம் மடைக்குடும்பன் என்பார்கள், மடையன் என்றும் சொல்வார்கள். அந்தக் கடைசிச் சொல்லை யாராவது வசவாகச் சொல்லக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் காது கூசும்.

எங்கள் ஊர் முதுகுளத்தூர் பக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தைத் தண்ணியில்லாக் காடு என்று தமிழ்நாடு முழுவதும் சொல்லிப் பழகிவிட்டது. பிடிக்காத அதிகாரியை மாற்றலில் அனுப்பும் இடமாக அந்தப் பெயர் நிலைத்தும் போயிற்று. இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 827 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு நெல் பயிரை எடுக்க அது போதும். அந்த மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகைக்குள் வந்து தீர்ந்துவிடும் என்பதும், எந்த வாரத்தில் தொடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதும்தான் சிக்கல். இந்தச் சிக்கலுக்கு எங்கள் முன்னோர் கண்ட விடைகளில் ஒன்று புழுதி விதைப்பு, இன்னொன்று நீர்ப்பாய்ச்சி. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றவை. முதலாவது இன்னும் இருக்கிறது. இரண்டாவது என் கண்முன்னே அழிந்தது.

புழுதி விதைப்பைத் தஞ்சாவூர்க்காரர் பார்த்தால் பதறிப்போவார். ஆவணிக் கடைசியிலோ புரட்டாசி முதலிலோ, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத வெயிலில், உழுது பொடியாகிக் கிடக்கும் நிலத்தில் நெல்லை வீசி, மேலே ஒரு சால் ஓட்டி மூடிவிடுவோம். நாற்றங்கால் கிடையாது, சேறு கிடையாது. விதை மூன்று வாரமோ ஐந்து வாரமோ புழுதிக்குள் படுத்திருக்கும். எறும்பு தின்றது போக, காடை கவுதாரி கிளறியது போக, மீதி மழைக்குக் காத்திருக்கும். முதல் நல்ல மழையில் முளைத்து, அடுத்தடுத்த மழையில் மானாவாரிப் பயிர்போல வளரும். கண்மாய் பெருகியிருக்கும் மார்கழியில்தான் அது நெல் வயலாக மாறித் தண்ணீர் கேட்கும். அப்போது பயிர் பொதி கட்டிக் கதிர் தள்ளும்.

இதற்குள் ஒரு நுட்பமான கணக்கு இருக்கிறது. நடவு முறையில் கண்மாய்த் தண்ணீரின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே, நாற்றுக்கும் சேற்று உழவுக்கும் போய்விடும். மழை பாதியில் நின்றால் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் கண்மாய் வறண்டு கிடக்கும். புழுதி விதைப்பில் வளர்க்கும் வேலையை மழையிடம் விட்டுவிட்டு, முடிக்கும் வேலைக்கென்று கண்மாயைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அந்தக் கடைசி நாற்பது நாளுக்காகத்தான் ஊர் ஒரு மனிதனை நியமித்து, களத்தில் அவனுக்கு நெல் அளந்தது. அய்யாவுக்கு அறுவடையில் ஏக்கருக்கு ஒரு மரக்கால் நெல்லும் ஓர் அரிக்கட்டும் கிடைக்கும்.

எங்கள் கண்மாய்க்கு மூன்று மடை, ஒரு கலுங்கு. நடுமடையில் இரண்டு கல்தூண்கள் நின்றன. குறுக்குக்கல்லின் துளை வழியாக இறங்கும் நீளக் கம்பின் நுனியில் ஒரு மரக்கட்டை இருக்கும். அதைத் தூக்கினால் தண்ணீர் ஓடும், இறக்கினால் நிற்கும். வலதுபுறத் தூணில் உளியால் போட்ட ஏழு வெட்டுகள். போட்டது யார் என்று அய்யாவுக்கே தெரியாது. அவருடைய அப்பா காலத்திலும் அவை இருந்திருக்கின்றன.

மார்கழி பிறந்ததும் ஊர்ப் பெரியவர்கள் கரையில் கூடுவார்கள். தண்ணீர் ஏழாம் வெட்டில் நின்றால் பேச்சே இல்லை, மூன்று மடையும் திறக்கும். ஐந்தில் நின்றால் முறைப் பாசனம், ஒவ்வொரு மடைக்கும் நாள் பிரித்துக் கொடுப்பார்கள். நான்குக்குக் கீழே இறங்கினால் அய்யா நடுவில் போய் நிற்பார். எந்தெந்த வயல் கதிர் தள்ளிவிட்டது, எது இன்னும் பச்சையாக நிற்கிறது என்று ஒன்று விடாமல் சொல்வார். கதிர் தள்ளிய வயலுக்கு முதல் தண்ணீர். பச்சை நிற்கும் வயல் யாருடையதாக இருந்தாலும் காத்திருக்க வேண்டும், சில வருடங்களில் மாட்டுக்கு அறுத்துப் போட வேண்டும். அப்படி இழந்தவருக்குப் பிழைத்த வயல்காரர்கள் களத்தில் கொஞ்சம் அளந்து கொடுப்பார்கள். இது எழுத்தில் இல்லாத சட்டம். இலங்கையின் வறண்ட வலயத்துக் குளங்களில் 'பெத்ம' என்றொரு வழக்கம் இருக்கிறது. தண்ணீர் குறைந்த போகத்தில் குளத்தை ஒட்டிய வயல்களை மட்டும் எல்லோருமாகப் பங்கிட்டுப் பயிர் செய்வார்கள். அதைப் பற்றிப் படித்த அன்று எனக்கு அய்யாவின் முகம்தான் ஞாபகம் வந்தது. மழை பொய்த்தால் இழப்பைச் சமமாகப் பிரிப்பது எப்படி என்ற ஒரே கேள்வியைப் பாக் நீரிணைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

நிலமில்லாதவனிடம் ஏன் இந்த அதிகாரத்தைக் கொடுத்தார்கள்? நிலம் இல்லாததால்தான். தன் வயலுக்கு ஒரு நாழிகை கூட விட்டுக்கொள்ள அவனுக்கு வயல் இல்லை. ஆனால் நான் இதைப் பெருமையாக மட்டும் எழுதினால் பொய் எழுதியவள் ஆவேன். எங்கள் சனத்துக்கு நிலம் ஏன் இல்லாமல் போனது என்பதும் இந்தக் கதைதான். மார்கழி முழுவதும் 85 ஏக்கருக்கும் நியாயம் சொன்ன அய்யா, தையில் நெல் வாங்கப் போகும்போது அதே வீடுகளின் திண்ணையில் உட்கார முடியாது. வாசலுக்கு வெளியே துண்டை விரித்து நிற்பார். அவருக்கு மரியாதை கரையில் இருந்தது, தெருவில் இல்லை.

எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். மார்கழிக் குளிரில் மடையிலேயே படுத்திருந்த அய்யாவுக்கு அப்பத்தா கொடுத்துவிட்ட கஞ்சியை எடுத்துக்கொண்டு விடியுமுன் போனேன். தலைமடையில் பத்து ஏக்கர் வைத்திருந்தவரின் மகன் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"என்னடா, ஒரு நாழிக கூட ஓடுனா கம்மாயா வத்திரும்?"

"வத்தாது சாமி. கடைமடைக்காரனுக்குப் போய்ச் சேராது, அவ்வளவுதான்."

'டா' போட்டவர் 'சாமி' என்றவரைத் தாண்டி மடைக்கம்பில் கை வைக்கவில்லை. சும்மா திரும்பிப் போனார். நான் கஞ்சிச் சட்டியோடு நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன்.

இந்த ஏற்பாடு எவ்வளவு பழையது என்பதற்கு எங்கள் மாவட்டத்து மண்ணே சாட்சி. பாண்டியன் இராசசிம்மன் பெயரைத் தாங்கும் ஆர்.எஸ்.மங்கலத்துப் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நாரை ஒரே மூச்சில் பறக்க முடியாத அகலம் என்று அர்த்தம். வைகை கடலைத் தேடிப் போகும் வழியில் வரிசையாகக் கண்மாய்களை வெட்டி, ஒன்றின் மறுகாலை அடுத்ததற்கு வரத்தாக்கி, இராமநாதபுரம் பெரிய கண்மாய் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். அதுவும் போதாது என்று தெரிந்து, மேற்கே பாயும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று பார்த்துவர 1789-இல் ஆள் அனுப்பியது இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. அணை எழுந்தது 1895-இல், பென்னிகுவிக் காலத்தில். கனவு கண்டது எங்கள் சீமை, தண்ணீர் பெரும்பாலும் மதுரைப் பக்கத்தோடு நின்றது. 1959-இல் வைகை அணை வந்தபிறகு ஆற்றில் எங்களுக்கு எப்போது தண்ணீர் வரும் என்பது அணையைத் திறக்கும் உத்தரவைப் பொறுத்த விஷயமாகிவிட்டது. முதுகுளத்தூர் பக்கத்துச் சிறு கண்மாய்களுக்கோ ஓடைகளில் வரும் காட்டு வெள்ளம்தான் கதி.

தாது வருஷப் பஞ்சத்தை அப்பத்தா தன் பாட்டி சொல்லக் கேட்டிருந்தாள். 1876-இல் தொடங்கிய அந்தப் பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் எங்கள் சீமைச் சனம் கூட்டம் கூட்டமாக இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் போயிருக்கிறது. மழை தவறினால் ஊரைவிட்டுப் போவதும் எங்களுக்கு ஒரு பழைய வழிதான். போனவர்களில் எங்கள் வீட்டு ஆட்களும் உண்டு, திரும்பி வராதவர்களும் உண்டு.

நீர்ப்பாய்ச்சியின் சரிவு ஒரே நாளில் நடந்ததல்ல. கரைக்கு மண் போடவும் வரத்துக்கால் தூர்வாரவும் வீட்டுக்கு ஓர் ஆள் வரும் குடிமராமத்தை, வராதவர்மேல் அபராதம் போடும் சட்டமாக 1858-இலேயே ஆங்கில அரசு எழுதிவைத்தது. ஊர் தானாகச் செய்துவந்த வேலை அந்தக் காலத்திலேயே தளர ஆரம்பித்துவிட்டது என்பதைத்தான் அந்தச் சட்டம் எனக்குச் சொல்கிறது. 1948 சட்டத்தால் ஜமீன் ஒழிந்தது. ஒழிய வேண்டியதுதான். ஆனால் ஜமீன் கண்மாய்கள் அரசுக்கு வந்தபோது நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு பொதுப்பணித்துறைக்கும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கும் என்று பிரிந்தன. 85 ஏக்கர்க் கண்மாய் ஒன்றியத்துக்குப் போயிற்று. மடையில் யார் படுப்பது, அவனுக்கு யார் கூலி கொடுப்பது என்று எந்தக் காகிதத்திலும் ஒரு வரி இல்லை. பெரிய விவசாயிகள் சிலர் விவசாயத்தை விட்டு மதுரைக்கும் சென்னைக்கும் போனார்கள். களத்து மரக்கால் அரை மரக்காலாயிற்று, பிறகு பொங்கலுக்கு ஒரு வேட்டி என்றாயிற்று. அய்யா 1978-இல் இறந்தார். அப்பாவிடம் மடைக்கம்பைக் கொடுக்க ஊர் வந்தது. அப்பா கை நீட்டவில்லை. "எங்கப்பன் வாசல்ல துண்ட விரிச்சு நின்னது போதும்" என்று சொன்னார். அவர் செய்தது சரி என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

மதுரைப் பக்கம் கண்மாய் கெட்டபோது கிணறும் ஆழ்துளையும் வந்து வசதியுள்ளவர்களைக் காப்பாற்றின. எங்கள் பக்கம் துளை போட்டால் பெரும்பாலும் உப்புதான் வரும். தனியாகப் பிழைத்துக்கொள்ள எங்கள் மண் இடம் கொடுப்பதில்லை.

கண்மாய்க்குள் புகுந்தது சீமைக்கருவேலம். விறகுக்கும் வேலிக்கும் என்று சென்ற நூற்றாண்டின் நடுவில் எங்கள் வறண்ட காடுகளில் தூவியது, வரத்துக்கால், உள்வாய், கரை என்று எல்லாவற்றையும் மூடியது. ஓடையில் வந்த தண்ணீர் முள்ளில் தட்டித் திசை மாறியது. இந்த மரத்தைத் திட்டி எழுதுவது எளிது, நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் எண்பதுகளின் வறட்சியில் எங்களுக்குச் சோறு போட்டதும் இதுதான். அப்பா கரிமூட்டம் போட்டார். வெட்டிய கட்டைகளை வட்டமாக அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே ஈரமண் பூசி, உள்ளே நெருப்பு வைத்து, காற்று கூடாமலும் குறையாமலும் இரவு பகலாக அதன் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். புகை வெள்ளையாக வந்தால் கட்டையில் ஈரம் போகிறது, நீலம் தட்டினால் கரியாகிவிட்டது. எங்காவது மண் விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் மொத்தமும் சாம்பல். அய்யா மடையில் விழித்திருந்த மாதிரியே அப்பா மூட்டத்தில் விழித்திருந்தார். அந்தக் கரியில்தான் நான் ஆசிரியப் பயிற்சி படித்தேன். அந்தக் கரியில்தான் 1983-இல் அப்பா கடைமடையில் ஒரு ஏக்கர் 60 சென்ட் வாங்கினார். எங்கள் வீட்டுக்கு முதல் நிலம் அது. நீர்ப்பாய்ச்சி இல்லாத கண்மாயின் கடைமடையில் வாங்கினார்.

நான் 31 வருடம் ஒன்றியப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே அந்த நிலத்தில் விதைத்தேன். 2019-இல் ஓய்வு பெற்றபின் முழுநேரமும் அங்கேதான் இருக்கிறேன். மழை குறைந்துவிட்டது என்று பேசுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மழையின் நடை மாறிவிட்டது. அப்பத்தா புரட்டாசியில் மின்னலின் திசை பார்த்து நாள் குறித்தாள். அந்தக் கணக்கு தப்பும், ஆனால் இரண்டு மூன்று வாரத்துக்குள்தான் தப்பும். இப்போது முதல் மழை ஏமாற்றுகிறது. ஒரே ஒரு மழை முளைக்க வைத்துவிட்டு இருபத்தைந்து நாள் காணாமல் போகிறது. புழுதிக்குள் இருக்கும்வரை விதைக்குப் பயமில்லை, முளைத்தபின் அது திரும்பிப் போக முடியாது. 2016-இல் அதுதான் நடந்தது. தமிழ்நாடு முழுவதும் வடகிழக்குப் பருவத்தில் 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் 168 பெய்தது. முளைத்தது கருகி, கடன் வாங்கி மறுபடி விதைத்தோம், அதுவும் கருகியது. அந்தத் தை பிறக்குமுன் எல்லா மாவட்டங்களையும் வறட்சிப் பகுதி என்று அரசு அறிவித்தது.

2021-இல் நேர்மாறு. பருவம் நன்றாகப் பெய்து, ஐந்தாம் வெட்டுக்குத் தண்ணீர் நின்று, வயல் பொன்னாக விளைந்தது. பொங்கலை ஒட்டி, மழையே இருக்கக் கூடாத சனவரியில், நாள் கணக்காக ஊற்றியது. சாய்ந்த கதிரில் நெல் முளைவிட்டு நின்றது. பக்கத்துக் காட்டில் முண்டு மிளகாய் செடியிலேயே அழுகியது. எங்கள் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம்தான். ஆனால் குறியீடு செடியின் காலில் நிற்கும் தண்ணீரை வடிப்பதில்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் மாவட்டத்து ஆண்டுக் கணக்கில் பாதி, ஒரு பகலுக்குள்.

நான் இப்போது நிலத்தை இரண்டாகப் பிரித்து விதைக்கிறேன். ஒரு பாதியில் புரட்டாசியிலேயே புழுதியில் சித்திரைக்கார். நொறுங்கனும் போட்டுப் பார்த்திருக்கிறேன். இவை எங்கள் சீமையின் பழைய நெல்கள். வறட்சியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கும், விளைச்சல் கொஞ்சம்தான். மறுபாதி நல்ல மழைக்குக் காத்திருக்கும். அதில் அண்ணா 4, பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009-இல் வந்த ரகம், நூறு நூற்றைந்து நாளில் அறுக்கலாம். முதலாவது கருகினால் இரண்டாவது, இரண்டாவது நனைந்தால் முதலாவது. இதில் ஒரு தொல்லை, பயிர்க் காப்பீட்டுக்கு நவம்பர் நடுவில் கெடு முடிந்துவிடும், விதைத்ததற்குச் சான்று வேண்டும். புழுதிக்குள் இருக்கும் விதையை யாருக்குக் காட்டுவது? ஒரு வருடம் சான்று தர வேண்டியவர் என் வயலில் வந்து நின்று, "ஒண்ணுமே முளைக்கலயேம்மா" என்றார். குனிந்து ஒரு பிடி புழுதியை அள்ளி, அதிலிருந்த நெல்லைப் பொறுக்கி அவர் கையில் வைத்தேன். அந்த வருடம் எனக்குச் சான்று கிடைக்கவில்லை.

ஆனால் இரண்டாகப் பிரிப்பது என் ஒரு வயலுக்கு நான் செய்யும் காரியம். கண்மாய்க்கு அது போதாது. தலைமடைக்காரர் அக்டோபரிலும் நான் நவம்பரிலும் விதைத்தால், எங்கள் பயிர்கள் தண்ணீர் கேட்கும் நாளும் வேறு வேறு. அய்யா காலத்தைவிட இன்றைக்குத்தான் எது கதிர் தள்ளியது, எது பச்சை நிற்கிறது என்று நடந்து பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். காலநிலை மாற்றத்துக்கு விவசாயியைத் தயார் செய்ய வருகிறவர்கள் புது விதை கொடுக்கிறார்கள், செயலி கொடுக்கிறார்கள், நல்லதுதான், வாங்கிக்கொள்கிறோம். மடையில் படுக்க ஆள் உண்டா என்று ஒருவரும் கேட்டதில்லை.

2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் சீமைக்கருவேலத்தை அகற்றும் வேலை மாவட்டமெங்கும் நடந்தது. அதே ஆண்டு குடிமராமத்து என்ற பழைய பெயரில் அரசுத் திட்டமும் வந்தது. எங்கள் உள்வாயில் பாதி முள் போயிற்று, மறுபடி கொஞ்சம் முளைத்தும் விட்டது. முள் போனபோது முப்பது வருடமாகப் பார்க்காத நடுமடைத் தூண்கள் வெளியே தெரிந்தன. ஒன்று சாய்ந்திருந்தது. வெட்டுகள் போட்ட தூண் நேராகவே நின்றது.

ஓய்வு பெற்ற வருடத்து மார்கழியில் ஆயக்கட்டுக்காரர்கள் கூடியபோது நான் எழுந்து பேசினேன். அந்தக் கரையில் பெண் பேசியதும், எங்கள் தெருவிலிருந்து நிலக்காரியாக ஒருத்தி பேசியதும் அதுதான் முதல் தடவை. நீர்ப்பாய்ச்சி வேண்டும் என்றேன். உடனே நாலு பேர் என் தம்பி மகனைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குத்தான் நான் எழுந்தேன். "எங்க வீட்டுப் பிள்ளையே செய்யணும்னு இல்ல. எந்தத் தெருப் பிள்ளையும் செய்யலாம். ஆனா மாசச் சம்பளம், கையெழுத்துப் போட்டு வாங்கணும். வாசல்ல நின்னு நெல்லு வாங்குறது கிடையாது" என்றேன். ரொம்ப நேரம் பேசினார்கள். ஏக்கருக்கு இவ்வளவு ரூபாய் என்று ஒத்துக்கொள்ள மூன்று கூட்டம் ஆயிற்று. திருப்பூரில் பனியன் கம்பெனியிலிருந்து திரும்பிவந்திருந்த ஒரு தம்பி, வேறு தெரு, நிலம் இல்லாதவர், ஒத்துக்கொண்டார். நான்கு மாதச் சம்பளம். இரண்டு வருடம் ஒழுங்காகக் கொடுத்தார்கள், ஒரு வருடம் பாதி பேர் கொடுக்கவில்லை, அதற்கு மறுவருடம் சண்டை போட்டு வாங்கினோம்.

அந்தத் தம்பிக்கு முதல் வருடம் கரையில் நடந்தபடி அய்யா சொன்னதையெல்லாம் சொன்னேன். கதிர் தள்ளிய வயலுக்கு முதல் தண்ணீர் என்றதும் அவர் கேட்டார், "டீச்சர், இப்ப ஆளுக்கொரு ரகம் போட்டிருக்காக. அவுக அவுக எப்ப விதைச்சாகன்னு எழுதி வச்சாத்தான நமக்கு முன்னாடியே தெரியும்?" அய்யாவுக்கு இது தேவைப்படவில்லை, அன்றைக்கு ஊரே ஒரே வாரத்தில் விதைத்தது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். இப்போது அதில் வயல் வாரியாக ரகம், விதைத்த தேதி, முளைத்த தேதி இருக்கின்றன. என் வயலுக்கு இரண்டு வரி.

போன மார்கழியில் ஒருநாள் காலை ஆறு மணிக்குப் போன் வந்தது. "டீச்சர், நாலாம் வெட்டுக்கு ரெண்டு விரக்கடை கீழ நிக்கிது. ஒங்க அண்ணா நாலுக்கு நாளைக்கு விடுறேன். சித்திரைக்காருக்குப் பொறுங்க, அது தாங்கும்." சரிப்பா என்றேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலைச் செதுக்கிவைக்கப் போனேன்.